அஸ்வெசும வெட்டுப்படுமா? சுயதொழிலுக்குப் போகிறவர்களின் முதல் இரண்டு மாதக் கணக்கு

முல்லைத்தீவு மாவட்டத்தில் மிளகாய்த்தூள் இடித்து விற்கும் அக்கா ஒருவரின் கணக்குக் கொப்பியைப் பார்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கொப்பியைத் தரும்போது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். “பேரைப் போடாதேங்கோ தங்கச்சி, ஊரையும் போடாதேங்கோ. நான் உழைக்கிறன் எண்டு தெரிஞ்சால் அஸ்வெசுமவை வெட்டிப்போடுவினம்.”

வடக்கில் சுயதொழில் பற்றிக் கதைக்கப் போன எல்லா இடங்களிலும் இந்தப் பயத்தை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருக்கிறேன். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில்தான் அதிகம். தொழில் செய்யத் தெரியும், செய்ய விருப்பமும் இருக்கிறது, சில வேளை யாரோ கொடுத்த தையல் மெசின்கூட வீட்டில் இருக்கிறது. ஆனால் தொடங்கிச் சில மாதத்தில் நின்றுவிடுகிறது. பிறகு கூட்டங்களில் அதிகாரிகள், “சனம் நிவாரணத்துக்குப் பழகிப்போச்சு” என்று சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஏன் நிற்கிறது என்பதை ஒரு வீட்டுக் கணக்கை வைத்தே விளங்கிக்கொள்ள முயல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விடயம். இலங்கையில் வேலையற்றோர் கொடுப்பனவு என்று எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் உறவினர்கள் வேலை போனால் “அரசாங்கக் காசு வருது” என்று சொல்வார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. தனியார் துறையில் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியரும் 12 சதவீதம் முதலாளியும் கட்டுவது அது. ஆனால் பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும்தான் அது கைக்கு வரும். பணிக்கொடை வேண்டுமென்றால் ஐந்து வருடம் வேலை செய்திருக்க வேண்டும். வேலை போன கையோடு எடுக்கக்கூடியது, முதலாளி 3 சதவீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி மட்டுமே. வயது எல்லை இல்லாமல், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அதை எடுக்கலாம். எங்கள் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலையை விட்டு நின்ற பல பிள்ளைகளுக்கு இப்படி ஒரு காசு தங்களுக்கு இருப்பதே தெரியாது.

இந்த அக்காவும் அப்படி ஒரு தொழிற்சாலையில் 27 மாதம் வேலை செய்தவர்தான். விடியக் காலமை பஸ் ஏறினால் இருட்டினபிறகுதான் வீடு. கணவர் 2009 இல் காணாமற்போனவர். வீட்டில் வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அம்மா விழுந்து காலை முறித்துக்கொண்டபோது வேலையை விட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு மாதாமாதம் நிச்சயமாக வந்த ஒரே காசு அஸ்வெசும.

1989 இல் ஜனசவிய, 1995 இலிருந்து சமுர்த்தி, 2023 ஜூலையிலிருந்து அஸ்வெசும என்று நிவாரணத்தின் பெயர் மாறி வந்திருக்கிறது. அஸ்வெசும 2002 ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 சுட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளியிடுகிறார்கள். அந்தப் புள்ளியின்படி நிலைமாறும் நிலையில் உள்ளோர், பாதிக்கப்படக்கூடியோர், வறியோர், மிக வறியோர் என நான்கு வகை. தொடக்கத்தில் வறியோருக்கு மாதம் 8,500 ரூபா, மிக வறியோருக்கு 15,000 ரூபா. இந்த இரண்டு வகைக்கும் மூன்று வருடத்துக்கு என்று சொல்லப்பட்டது. 2025 ஜனவரியில் இவை 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. அக்கா ‘வறியோர்’ வகை. 2024 இன் தொடக்கத்தில் அவர் தொழில் தொடங்கியபோது வங்கிக் கணக்குக்கு வந்தது 8,500 ரூபா.

இனிக் கொப்பிக்கு வருகிறேன்.

நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலிருந்து அவருக்குப் பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. சீட்டுக்காசில் மிச்சமிருந்ததையும் சேர்த்து 21,000 ரூபா. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாமாக 18,000. மில்லில் அரைகூலி 1,200. பைக்கற், லேபல், பஸ் செலவு 1,800. இருபது கிலோ தூள், 100 கிராம் பைக்கற்றாக 200 வந்தது. கடைக்கு ஒன்று 140 ரூபாப்படி 28,000 ரூபா. அதாவது ஒரு தடவைக்கு இலாபம் 7,000. கொப்பியின் முதற்பக்கத்தில் இந்த 7,000 ஐச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறார்.

200 பைக்கற்றையும் ஒன்பது கடைகளுக்குக் கொடுத்தார். கடைக்காரர்கள் யாரும் அந்த இடத்தில் காசு தரவில்லை. “வித்தாப்போல தாறன் பிள்ளை” என்றார்கள். இது ஊர் வழக்கம், கடைக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய கொம்பனிகளின் தூளைப் போல விளம்பரம் இல்லாத ஒரு பைக்கற்றைக் காசு கொடுத்து வாங்கி அடுக்கி வைக்க அவர்களுக்கும் வசதியில்லை. இரண்டு கிழமை கழித்துச் சுற்றி வந்தபோது கையில் சேர்ந்தது 6,300 ரூபா. 45 பைக்கற்றின் காசு. ஆனால் கடைகள் நல்ல பெயர் சொன்னார்கள். இன்னும் கொண்டு வரச் சொன்னார்கள். அடுத்த தடவை இடிக்க 21,000 வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நுண்கடன் வந்தது. 50,000 ரூபா, கிழமைக்கு 1,300, மொத்தம் 52 கிழமை. வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்தார்கள், ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவாக ஒருவருக்கொருவர் பிணை.

இரண்டு மாத முடிவில் மூன்று தடவை இடித்திருந்தார். நானும் அக்காவும் பாயில் இருந்து கூட்டிப் பார்த்தோம். மூன்று தடவைக்கும் செலவு 63,000. கொடுத்த பைக்கற்றின் பெறுமதி 84,000. கொப்பியின்படி இலாபம் 21,000. ஆனால் கைக்கு வந்த காசு 46,000தான். மிச்சம் 38,000 ரூபா ஒன்பது கடைகளில் நிற்கிறது. கட்டுக்காசாக ஆறு கிழமைக்கு 7,800 போய்விட்டது.

முதற்காசு 21,000, கடன் 50,000, வசூல் 46,000. மொத்தம் 1,17,000. அதில் தொழிலுக்கும் கட்டுக்காசுக்கும் போனது 70,800. அப்படியானால் 46,200 ரூபா கையில் இருக்க வேண்டும். கையில் இருந்தது 3,200. அக்கா முதலில் வெட்கப்பட்டார், தான் எங்கோ விரயம் செய்துவிட்டதாக நினைத்தார். “கடன் காசைத் திண்டுபோட்டம்” என்றார் அவருடைய அம்மா.

உண்மையில் அதுதான் நடந்தது, ஆனால் அதில் ஒரு பிழையும் இல்லை. நான்கு பேர் உள்ள அந்த வீட்டுக்கு அரிசி, மண்ணெண்ணெய், ரியூசன், அம்மாவின் கிளினிக் பயணம் எல்லாமாக மாதம் 30,000 ரூபா வேண்டும். இரண்டு மாதத்துக்கு 60,000. அஸ்வெசும தந்தது 17,000. மிச்சம் 43,000 எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? கடனிலிருந்து வந்தது. 46,200 இல் 43,000 கழிந்தால் 3,200. கணக்கு ஒரு சதம் பிசகாமல் சரி.

சுயதொழில் பயிற்சிகளில் நான் இருந்திருக்கிறேன். எப்படித் தூள் பதமாக வறுப்பது, லேபலில் என்ன போடுவது, இலாபத்தை எப்படிக் கணிப்பது என்று நன்றாகச் சொல்லித் தருவார்கள். வசூல் வரும்வரை வீட்டில் என்ன சாப்பிடுவது என்று யாரும் கேட்பதில்லை. வாழ்வாதார உதவிகளும் அப்படித்தான். 2009 க்குப் பிறகு மீளக்குடியமர்ந்த ஊர்களில் கோழி, ஆடு, தையல் மெசின், தண்ணீர்ப் பம்பி என்று எத்தனையோ வழங்கப்பட்டன. கோழி முட்டையிடும் வரை தீனிக்குக் காசில்லாமல் கோழியை விற்றவர்களை ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். அதைச் சிரிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. கோழியைக் கொடுத்தவர்கள் அந்த இடைப்பட்ட மாதங்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

மற்ற ஊர்களில் இப்படி ஓர் இடைவெளி வந்தால் ஒரு சோடி காப்பை அடகு வைப்பார்கள். வன்னியில் 2009 ஐத் தாண்டி வந்த குடும்பங்களிடம் அந்த நகையும் இல்லை. காணி அனுமதிப்பத்திரக் காணி, வங்கியில் ஈடு வைப்பது இலேசில்லை. அந்தப் பத்திரமும் பல இடங்களில் காணாமற்போன கணவரின் பெயரில் இருக்கிறது. அவரை இறந்தவராகப் பதிய மனம் இடங்கொடுக்காத பெண்களுக்காகக் காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெறும் வழியொன்று 2016 இல் சட்டத்தில் வந்தது. அந்தச் சான்றிதழை எடுப்பதையும் ஒரு தோல்வியாக நினைக்கும் தாய்மாரும் மனைவியரும் இருக்கிறார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனால் கடன் தரும் வங்கிக்கு அந்த மனம் விளங்காது, பிணையாளர் இருவரைக் கேட்கும். ஆகவே வாசலுக்கு வரும் நுண்கடன் மட்டும் மிஞ்சுகிறது.

அந்தக் கடனின் வட்டியையும் ஒருதடவை விரித்துப் பார்க்க வேண்டும். 1,300 ரூபாப்படி 52 கிழமை என்றால் 67,600. வட்டி 17,600. “நூற்றுக்கு முப்பத்தைஞ்சுதான்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் 50,000 ரூபாவும் வருடம் முழுக்க அக்காவின் கையில் இருக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் முதலில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. 26 ஆம் கிழமையில் பாதி முதல் கட்டியாயிற்று, ஆனால் வட்டி இன்னும் முழு 50,000 க்கும் போட்டபடியே. மீதிக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் இது வருடத்துக்கு 60 சதவீதத்தைத் தாண்டும். கடன் எடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து போகும் மீதிக்கா? அடுத்ததாக, அந்த நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் அதற்காகத்தான் வந்தது.

சட்டம் வந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2018 இல் வெளிநாட்டுக் கடன் தொடர்பான ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்து நுண்கடனில் சிக்கிய பெண்களின் நிலையைப் பற்றித் தனியாகப் பேசினார். அதே வருடம் வடக்கு, கிழக்கு உட்பட வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. 2021 இல் பொலனறுவை, ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே பிரச்சினைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

அக்காவின் வீட்டில் 8,500 ரூபா வங்கிக்கு வந்த அதே மாதம் 5,200 ரூபா கட்டுக்காசாகப் போனது. ஐந்து கிழமை வந்த மாதத்தில் 6,500. ஏழைக் குடும்பம் சாப்பிட என்று அரசு கொடுத்த காசில் பெரும் பங்கு வட்டியும் முதலுமாக நுண்கடன் நிறுவனத்துக்குச் சென்றது. மாதாமாதம் வரும் இந்தக் கொடுப்பனவை நம்பித்தான் கடனே கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கடன் கொடுக்க வந்தவர்கள் அக்காவிடம் முதலில் கேட்டது, “அஸ்வெசும வருதோ?” என்றுதான்.

இனி, வெட்டுப்படும் பயம். இது வெறும் வதந்தி இல்லை. 2023 இல் முதற்பட்டியல் வெளிவந்தபோது நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் போயின. எங்கள் பக்கத்தில் பலர் சொன்ன குறை, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டை வைத்துத் தங்களை வசதியானவர்களாகக் கணித்துவிட்டார்கள் என்பது. யுத்தத்தில் வீடு அழிந்ததற்காகக் கொடுத்த வீடே பிறகு வசதிக்கு அடையாளமாகிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பவர் ஒரு மெசினை வாங்கி விறாந்தையில் வைப்பாரா? வீட்டில் மெசின் வைத்தால் என்ன நடக்கும் என்று மூன்று உத்தியோகத்தர்களிடம் கேட்டேன். ஒருவர் பிரச்சினையில்லை என்றார். ஒருவர் புள்ளி குறையலாம் என்றார். மற்றவர், “எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்” என்றார்.

மூன்றாமவரின் ஆலோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிழையான தகவல் கொடுத்தால் கொடுப்பனவை இழக்க நேரும், அதற்குப் பிறகு மேன்முறையீட்டிலும் உங்கள் சொல் எடுபடாது. தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: ஒரே ஒரு பொருளை வைத்துத் தீர்மானிக்கும் முறை இது அல்ல, 22 சுட்டிகளையும் சேர்த்தே புள்ளி வருகிறது. தகவல் சேகரிக்க வருபவரிடம் மெசின் கடனுக்கு வாங்கியது என்றால் அதைச் சொல்லுங்கள், கடன் புத்தகத்தைக் காட்டுங்கள். வருமானத்தைச் சொல்லும்போது விற்பனையைச் சொல்லாதீர்கள். 28,000 க்குத் தூள் கொடுத்தால் உங்கள் வருமானம் 28,000 அல்ல. அக்காவே என்னிடம் முதல் நாள் தன் வருமானம் மாதம் நாற்பதாயிரம் என்றுதான் சொன்னார். கொப்பி ஒன்று இருந்தால் இந்தப் பிழை வராது. பெயர் வெட்டுப்பட்டால் மேன்முறையீட்டை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியைப் பிரதேச செயலகத்தில் வாங்கி வையுங்கள்.

வேறு நாடுகளில் இந்த இடைவெளியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஜெர்மனியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் உணவகத்தில் வேலை இழந்த பிறகு சொந்தமாகச் சாப்பாட்டு விநியோகம் தொடங்கியவர். அங்கே வேலையற்றோர் காப்புறுதிப் பணம் பெறும் ஒருவர், அந்தப் பணத்தில் குறைந்தது 150 நாள் மிச்சமிருக்கும்போது சொந்தத் தொழில் தொடங்கினால், ஆறு மாதத்துக்கு அதே தொகையும் மேலதிகமாக 300 யூரோவும் பெற விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு இன்னும் ஒன்பது மாதத்துக்கு 300 யூரோ கேட்கலாம். தொழில் திட்டம் நடைமுறைக்கு ஏற்றதா என்று தகுதியான ஒருவர் எழுதித் தர வேண்டும், எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. பிரித்தானியாவில் 2011 இலிருந்து 2022 வரை ஒரு திட்டம் இருந்தது. முதல் 13 கிழமைக்கு 65 பவுண், அடுத்த 13 கிழமைக்கு 33 பவுண், கூடவே வழிகாட்ட ஒருவர். தொகை சிறிது. ஆனால் இரண்டு நாட்டிலும் யோசனை ஒன்றுதான்: தொழில் தொடங்கிய அன்றே கொடுப்பனவை நிறுத்தக்கூடாது, வசூல் வரும்வரை சாப்பாட்டுக்கு ஒரு வழி வேண்டும்.

அவை பணக்கார நாடுகள் என்று நீங்கள் சொல்லலாம். பங்களாதேஷ் பணக்கார நாடு இல்லை. அங்கே ‘பிராக்’ நிறுவனம் 2002 இல் மிக வறிய பெண்களுக்காகத் தொடங்கிய திட்டத்தில் மாட்டையோ ஆட்டையோ கொடுத்து விட்டுப் போய்விடவில்லை. அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்கென்று ஒரு சிறு உதவித்தொகை கொடுத்தார்கள், ஒழுங்காக வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், சேமிக்க வைத்தார்கள். மொத்தம் இரண்டு வருடம். இதே மாதிரியை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹொண்டூராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பரிசோதித்த ஆய்வொன்று 2015 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. உதவி நின்று ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்தக் குடும்பங்களின் நிலை முன்னேறியபடி இருந்தது என்பது அதன் முடிவு.

எங்களிடம் அதற்கான துண்டுகள் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. அஸ்வெசும ஒரு பக்கம், வாழ்வாதார உதவி இன்னொரு பக்கம், பயிற்சி மூன்றாம் பக்கம். ஒரே பிரதேச செயலகத்தில் வேறுவேறு மேசைகளில் அவை இருக்கின்றன. தொழில் தொடங்கும் ஒருவருக்கு “இத்தனை மாதத்துக்கு உங்கள் கொடுப்பனவில் கை வைக்க மாட்டோம்” என்று ஒரு கடிதம் எழுத்தில் கொடுத்தால் அரசாங்கத்துக்குப் புதிதாகப் பெரிய செலவும் இல்லை, அந்தக் காசு எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் இருந்தால் மெசினை மறைக்கத் தேவையில்லை, தொழிலைப் பதியப் பயப்படத் தேவையில்லை.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. விதானையாரின் கடிதத்துடன் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். உணவுப் பொருள் என்றால் பி.எச்.ஐ. வந்து இடத்தைப் பார்ப்பார், பிரதேச சபையில் வியாபார உரிமம் எடுக்க வேண்டும். பதிவு இல்லாமல் பெரிய கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பொருளை எடுக்கமாட்டார்கள். அக்கா பதிய ஒன்றரை வருடம் எடுத்தார். காரணம் உங்களுக்குத் தெரியும்.

அவர் எப்படி மீண்டார் என்று கேட்டால், மெதுவாகத்தான். மூன்றாம் மாதம் முதல் ஒன்பது கடையில் ஆறை விட்டார். மிச்சம் மூன்று கடைக்கும் பழைய காசு தந்தால்தான் புதிய பைக்கற் என்றார். ஒரு கடைக்காரர் கோபித்துக்கொண்டார், பிறகு அவரே ஆள் அனுப்பினார். ஆறு கடையிலும் நின்ற காசில் ஐயாயிரம் வரை இன்னும் வரவில்லை. மற்றப் பாதியைப் பள்ளிக்கூட ரீச்சர்மாருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கும் 160 ரூபாப்படி கைக்காசுக்கு விற்றார். ஒரே தடவையில் இருபது கிலோ இடிப்பதை நிறுத்தி, பத்துப் பத்துக் கிலோவாக இடித்தார். முதல் கொஞ்சமாகப் போதும், காசு கெதியாகத் திரும்பும். இடையில் வயலுக்குக் கூலிக்கும் போனார். அவசரத்துக்கு ஊர் மாதர் சங்கத்தின் சுழற்சி நிதியில் சிறு தொகை எடுத்துக் கட்டினார். அதன் வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்று, மீதிக்கு மட்டும். முதலில் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். “சங்கத்தில கேட்டால் கூட்டம் வரோணும், கூட்டத்தில எல்லாருக்கும் தெரியவரும். அவங்கள் வாசலுக்கு வந்தாங்கள்” என்றார்.

52 கிழமைக் கடன் 2025 இன் முற்பகுதியில் முடிந்தது. இப்போது மாதம் 300 பைக்கற் போகிறது. பாதி கடைக்கு 140 க்கு, பாதி நேரடியாக 160 க்கு. ஒரு பைக்கற்றின் செலவு 105 ரூபாப்படி கழித்தால் மாதம் 13,500 மிஞ்சுகிறது. வீட்டுக்காசுக்கு ஒரு பணப்பை, தூள் காசுக்கு ஒரு பிஸ்கற் தகரம் என்று பிரித்து வைத்திருக்கிறார். அஸ்வெசும 10,000 உடன் சேர்த்து 23,500. கூலி வேலை கிடைக்கும் மாதத்தில் 30,000 ஐத் தொடும். அஸ்வெசும இல்லாமல் நிற்க முடியுமா என்று கேட்டால், இன்னும் முடியாது. முடியும் நிலைக்கு வர அவருக்குத் தெரிந்த ஒரே வழி சொந்தமாக ஓர் அரைக்கும் மெசின். மாதம் அரைகூலிக்குக் கொடுக்கும் 1,800 மிச்சமாகும், ஊராருக்கும் அரைத்துக் கொடுக்கலாம். கிட்ட மில் இல்லை, சனம் பஸ்ஸில் போய் அரைக்கிறார்கள்.

பாவித்த மெசின் ஒன்று 95,000 ரூபாவுக்கு இருப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் போன கிழமை கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வீட்டுக்குப் பின்னால் மெசின் வைக்கத் தோதான இடத்தைக் காட்டினார். மறைவாக, ரோட்டிலிருந்து தெரியாத இடம். ஆனால் மெசின் சத்தம் போடும் என்றேன். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த கணக்கெடுப்பு எப்போது என்று தெரிந்தால் சொல்லும்படி கேட்டார். இன்னும் வாங்கவில்லை.